மொட்டைச் சுரங்கள்

பென்வெனுட்டி தலையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் அவனுடைய பொய்முடியிலிருந்து வெள்ளை மாவு பியானோக் கட்டைகளின் மேல் உதிர்ந்தது. வியர்வை கசிந்த விரல்கள் அதன் மேல் ஓட, மாவு பசையாகக் குழைந்து கறுப்புக் கட்டைகளில் தீற்றல் தீற்றலாக ஒட்டிக்கொண்டது. அவனுடைய இடது தோளுக்குப் பின்னால், பக்கம் திருப்புவதற்காக நின்றிருந்த வால்பர்காவுக்குக் குமட்டியது. பன்னீரும் மூக்குப்பொடியும் மத்தியானம் தின்ற மீனும் சேர்ந்து அடிக்கும் ஒரு வாடையை மூச்சுக்கு மூச்சு இழுக்கவேண்டியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டால் பக்கம் திருப்பும் இடம் தவறிவிடும்.

பெயர்தான் இத்தாலிப் பெயர். ஆள் லின்ஸ் ஊரில் சோப்புக் காய்ச்சும் வோல்கெமுட் வீட்டுப் பிள்ளை. வோல்கெமுட் என்று விளம்பரம் ஒட்டினால் வியன்னாவில் நாய்கூட எட்டிப் பார்க்காது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. தவக்காலம், நாடகக் கொட்டகைகளைப் பூட்டியாகிவிட்டது, கச்சேரியை விட்டால் ஊருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. மாவுச்சந்தைக் கட்டடத்தின் மேல்மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை நடுவில் கோமகன் வைசன்பாக் உட்கார்ந்திருந்தார். அவருக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஒரு பியானோவும் வாத்தியக் கூட்டமுமாக வாசித்துக்கொண்டிருந்த அந்தக் கன்செர்ட்டோ வால்பர்காவின் அண்ணன் கயெட்டான் ஸ்டைன்ஹூபர் எழுதியது. அவன் வாத்தியக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வயோலா வாசித்துக்கொண்டிருந்தான். கோமகனுக்கு ஹங்கேரிப் பக்கத்தில் ஒரு பண்ணை மாளிகை. அங்கே அவருக்கென்று ஒரு வாத்தியக் கூட்டம். அதற்கு ஒரு தலைவன் வேண்டும். அந்த வேலை கயெட்டானுக்குக் கிடைத்துவிடும்போல் இருந்தது. ஆறு வருடமாக அண்ணனுடைய கன்செர்ட்டோக்களை எல்லாம் வாசித்தவள் வால்பர்காதான். இதையும் அவள்தான் வாசிப்பதாக இருந்தது. பெரிய காதுக்குப் பெரிய பெயர் வேண்டும் என்று கடைசியில் கயெட்டான் பென்வெனுட்டியைப் பிடித்துவந்தான். தங்கைக்குப் பக்கம் திருப்பும் உத்தியோகம் கொடுத்தான்.

முதல் பாகம் முடியப்போகிறது. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஏறி ஏறி ஓர் உச்சியில் வந்து நின்றன. தாளில் அந்த இடத்தில் ஒரு வளைவும் அதற்கடியில் ஒரு புள்ளியும் போட்டிருக்கும், வேறொன்றும் இருக்காது. அங்கே எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். தனி ஆள் மட்டும், அதுவரை வந்த மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் தலையில் உதிப்பதை வாசிப்பான். போதும் என்று தோன்றும்போது இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி நடுக்குவான். அந்த நடுக்கம் கேட்டதும் வாத்தியக் கூட்டம் மறுபடி உள்ளே வரும். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு இடத்துக்காகத்தான் வருவார்கள். ஒருவன் உண்மையில் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பென்வெனுட்டி கண்ணை மூடினான். மூக்கின் மேல் விரல் வைத்து யோசித்தான். பிறகு ஆரம்பித்தான்.

நாலு சுரம் கேட்பதற்குள் வால்பர்கா அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடையது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு காலை வேளையில், வீட்டில் அவள் தனக்காக வாசித்தது. இடது கை கீழே இறங்கும் விதம், நடுவில் சட்டென்று சோக ராகத்துக்குத் திரும்பும் திருப்பம், எல்லாம் அப்படியே. ஒருவேளை ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பானோ, கேட்டதில் கொஞ்சம் மனதில் நின்றிருக்குமோ என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அன்றைக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. தீய்ந்த வாடை வந்ததும் அவள் சட்டென்று நிறுத்தி, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வேலைக்காரி இறக்கிவைக்கிறாள் என்று தெரிந்ததும், நின்ற இடம் மறந்துபோய் அதே இரண்டு சுரங்களை இரண்டு தரம் தடவிவிட்டு மேலே போனாள். பென்வெனுட்டி சரியாக அதே இடத்தில் நிறுத்தினான். முகத்தை மேலே தூக்கி, கூரையில் வரைந்திருந்த குண்டுத் தேவதைகளைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு அந்த இரண்டு சுரங்களையும் இரண்டு தரம், ஏதோ வானத்திலிருந்து இறங்கியதைப்போல, மெதுவாகத் தொட்டான். முன்வரிசையில் ஒரு சீமாட்டி கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பால் பொங்கியதற்கு அழுதாள், பாவம்.

அதோடும் விடவில்லை. அடுத்து ஒரு மெட்டு வந்தது. வால்பர்கா சமையலறையில் முணுமுணுத்ததைக் கேட்டுக் கயெட்டான் முதல் பாகத்தில் சேர்த்துக்கொண்ட மெட்டு அது. பத்து நாளைக்கு முன்னால் அதை அடித்துவிட்டான். அந்த இடத்தில் கையை மாற்றி வாசிக்கவேண்டியிருக்கிறது, தன் சட்டைக்கையின் லேஸ் கசங்குகிறது என்று பென்வெனுட்டிதான் அடிக்கச் சொன்னான். ஆக, கன்செர்ட்டோவில் இப்போது அந்த மெட்டு கிடையாது. இல்லாத மெட்டை இவன் நினைவுகூர்ந்துகொண்டிருந்தான். பழைய சினேகிதனை வழியில் பார்த்தவனைப்போல் புன்னகை வேறு. உருப்போட்டதை ஒப்பிக்கிறோம் என்பதை ஊரைக் கூட்டிவைத்து அவனே சொல்கிறான், கேட்கத்தான் ஆளில்லை.

வாத்தியக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. பசூன் ஊதும் கிழவன் செவெரின் சிரிப்பை அடக்கப் போய், வாயில் வைத்திருந்த நாணல் புர்ரென்றது. வால்பர்கா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். கயெட்டான் வயோலாவின் தந்தியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ எழுதியிருப்பதைப்போல. பால் பொங்கிய அன்று காலையில் உள்ளறையில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

நடுக்கம் வந்தது. வாத்தியங்கள் உள்ளே நுழைந்தன. கூடமே எழுந்து கத்தியது.

இரண்டாம் பாகம் இன்னும் கேவலம். மெதுவாகப் போகும் அந்தப் பாகத்துக்குக் கயெட்டான் எப்போதுமே மொட்டைச் சுரங்களைத்தான் எழுதுவான். ஓர் அடிக்கு இரண்டு சுரம், மூன்று சுரம். படியெடுக்கிற பயல்கள் திருட்டுத்தனமாக விற்றுவிடுகிறார்கள், சங்கதிகளை எழுதிவைத்தால் நாளைக்கே எல்லோர் வீட்டிலும் வாசிப்பார்கள், அதனால்தான் எழுதுவதில்லை என்று காரணம் சொல்லுவான். ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம்தான் அது. உண்மைக் காரணம் அவனுக்கு எழுத வராது என்பது. எலும்பை மட்டும் நட்டுவைத்துவிட்டுத் தங்கை பக்கம் தள்ளிவிடுவான். அவள் வாசிக்கும்போது சதையும் ரத்தமும் வந்துவிடும். இது வால்பர்காவுக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

பென்வெனுட்டியிடம் இந்தப் பாகத்துக்கு ஒப்பிக்க எதுவும் இல்லை. ஆகவே கையில் இருந்ததை எல்லாம் கொட்டினான். ஒரு சுரத்துக்குப் பதினாறு பிருகா. ஏறு, இறங்கு, குலுக்கு, நடுக்கு, மறுபடி குலுக்கு. மெட்டு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. சர்க்கரைப் பாகில் விழுந்த ஈயைப்போல் அது எங்கேயோ கால் உதறிக்கொண்டிருந்தது. வால்பர்கா பக்கம் திருப்பினாள்.

கச்சேரி முடிந்ததும் படிக்கட்டுத் திருப்பத்தில் அண்ணனைப் பிடித்தாள். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மதித்திருப்பாள். பென்வெனுட்டி வாசித்தால்தான் கோமகன் வருவார், அந்தத் தனி வாசிப்பை, கடென்சாவை, முன்கூட்டியே எழுதித் தந்தால்தான் பென்வெனுட்டி வாசிப்பான், அதனால் கொடுத்தேன் என்று கடை சாமான் பேசுவதைப்போலச் சொன்னான்.

"நீ வாசிக்கிற, அது காத்தோட போயிடுது புர்கி. காத்தோட போறத ஒருத்தன் பிடிச்சு வெச்சுக்கிட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"பால் பொங்கினதக் கூடவா எழுதிக் குடுத்த?"

கயெட்டான் விழித்தான். "நீ நிறுத்தின எடத்துல நிறுத்தம்னு எழுதினேன். நீ எதுக்கு நிறுத்தினன்னு நான் எப்படிக் கண்டேன்?"

பசூனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவந்த செவெரின், அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் கீழே எல்லோரும் பேசுகிறார்கள் என்றான். அது பென்வெனுட்டியின் ஆத்மா தயங்கிய இடமாம். ஒரு சீமாட்டி அப்படிச் சொன்னாளாம். சொல்லிவிட்டு வால்பர்காவின் முகத்தைப் பார்த்தவன், மேலே கிண்டல் செய்யாமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் வீட்டில் பயறு சூப்பைத் தவிர எதுவும் பேசப்படவில்லை. பென்வெனுட்டி பிராகுக்கு வண்டி ஏறிவிட்டான். போகிற இடத்தில் எல்லாம் இனி அவன் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான், அவளுடைய பால் பொங்கும், யாராவது அழுவார்கள். நினைக்க நினைக்க வாய் கசந்தது. இனி அவளே அதை வாசித்தாலும் பென்வெனுட்டியைப் பார்த்துப் பழகியிருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். தன் சொந்த விரலிலிருந்து வருவதைத் தானே திருடியதாகப் பெயர் எடுப்பது எவ்வளவு பேருக்கு வாய்க்கும்?

வியாழக்கிழமை கோமகனின் மாளிகைக் காரியஸ்தர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நகர மாளிகையில் அந்தக் கன்செர்ட்டோவைக் கோமகன் இன்னொரு தரம் கேட்கவேண்டுமாம். கேட்டுவிட்டு வேலையைப் பற்றி முடிவு சொல்வாராம். பென்வெனுட்டி இல்லாவிட்டால் தங்கை வாசிக்கட்டும். வேலை கிடைத்தால் பண்ணை மாளிகையில் இரண்டு பேருக்கு அறை, விறகு, மெழுகுவத்தி, ஒயின். சம்பளம் அண்ணனுக்கு. தங்கை கோமகளின் சீட்டாட்டத்தின்போது வாசிக்கலாம். காரியஸ்தர் இதைப் பெரிய உபகாரமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் கயெட்டான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரல் தேனாகிவிட்டது.

"நடுப் பாகத்துல வழக்கமா செய்வியே, அதச் செஞ்சிடு புர்கி. உனக்கு என்ன, தூக்கத்துல எழுப்பினாக் கூட வரும்."

ஹங்கேரிச் சேற்றில், சீட்டு மேஜைக்குப் பக்கத்தில், வருடம் முழுவதும் அண்ணனுடைய எலும்புகளுக்குச் சதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை அவள் பார்த்துவிட்டாள். அந்தச் சங்கதிகளுக்கெல்லாம் மேலே ஸ்டைன்ஹூபர் என்று அவன் பெயர் இருக்கும். அது பரவாயில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். இப்போது பரவாயில்லை என்று நினைக்க முடியவில்லை. சரி, வாசிக்கிறேன், நீ எழுதியிருப்பதை வாசிக்கிறேன் என்றாள். அவனுக்கு அதில் எதுவும் தட்டுப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மாளிகைக் கூடத்துக்கு அடுத்த அறையில் மேஜை போட்டாகிவிட்டது. கூழாக உறைந்த குழம்பில் கெண்டை மீன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன் வாடை கதவைத் தாண்டி வந்தது. முப்பது பேர் இருப்பார்கள். போன வாரம் அழுத சீமாட்டியும் புதுக் கைக்குட்டையோடு வந்திருந்தாள்.

முதல் பாகம் ஒழுங்காகப் போனது. வாத்தியங்கள் ஏறி ஏறி உச்சியில் நின்றன. எல்லோரும் கையை எடுத்தார்கள். சீமாட்டி கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டாள். வால்பர்கா மடியில் கையை வைத்துக்கொண்டு நிதானமாக ஐந்து எண்ணினாள். அடுத்த அறையில் யாரோ கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு விரலை வைத்து, கூட்டத்தை உள்ளே கூப்பிடும் அந்த ஒரே ஒரு நடுக்கத்தை மட்டும் வாசித்தாள்.

யாருமே உள்ளே வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் நடுக்கம் வரும் என்று யார் கண்டது? வயலின்காரர்கள் அவசரமாக வில்லை எடுத்தார்கள். செவெரின் மட்டும் பசூனை வாயிலேயே வைத்திருந்தான். அவன்தான் முதலில் நுழைந்தான், மற்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கயெட்டானின் நெற்றியில் வியர்வை அரும்பியது. தங்கையைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான்.

நடுப் பாகம் வந்தது. ஓர் அடிக்கு இரண்டு சுரம். மூன்று சுரம். அவள் அதை அப்படியே வாசித்தாள். ஒரு சங்கதி இல்லை, ஒரு குழைவு இல்லை, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒரு பாலம்கூட இல்லை. இது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. விரல்கள் பழக்கத்தில் தாமாக வளையப் பார்த்தன, அவள் அடக்கினாள். சுண்ணாம்பு அடிக்காத சுவரைப்போல அந்த இசை எல்லோர் முன்னாலும் நின்றது. செங்கல் எங்கே கோணல், எங்கே பூச்சு போதவில்லை என்று எல்லாம் தெரிந்தது. அதே நாலு சுரம் திரும்பத் திரும்ப வருவதும், போக வழி தெரியாமல் வந்த வழியே திரும்புவதும், ஆறு வருடமாக அவள் மூடி மறைத்த அத்தனை பொத்தலும். கேட்டுக்கொள் அண்ணா, இதுதான் நீ எழுதியது என்று அவள் மனதுக்குள் சொன்னாள். அசிங்கமாக இருந்தது. திருப்தியாகவும் இருந்தது.

மூன்றாம் பாகமும் வந்து போய், கடைசிச் சுரம் முடிந்தபோது ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எல்லோரும் கோமகனைப் பார்த்தார்கள். கோமகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெதுவாகத் திறந்தார். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்.

"ரோமாபுரியில பழைய தூண்களப் பாத்திருக்கேன்," என்றார். "ஒரு பூ வேலை கிடையாது. வெறும் கல்லு. அதுதான் மேன்மை. போன வாரம் அந்த இத்தாலிக்காரர் மேல என்னென்னமோ பூசி மறைச்சிட்டார். இன்னிக்குத்தான் நீங்க எழுதினது என் காதுல விழுந்துது, ஸ்டைன்ஹூபர்."

உடனே முப்பது பேருக்கும் ரோமாபுரித் தூண் பிடித்துப்போய்விட்டது. எளிமை, எளிமை என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். சீமாட்டி கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள், கொண்டுவந்ததை வீணாக்குவானேன். கொஞ்சம் தள்ளி நின்ற கோமகள் மட்டும் வால்பர்காவிடம், பென்வெனுட்டிக்குப் பக்கம் திருப்பினாயே, கொஞ்சமாவது கற்றுக்கொண்டிருக்கக்கூடாதா என்று அன்பாகக் கேட்டாள்.

கயெட்டான் வயோலாவை மார்போடு அணைத்துக்கொண்டு பியானோப் பக்கம் வந்தான். கண் கலங்கியிருந்தது. குனிந்து தங்கையின் காதில் சொன்னான்.

"புர்கி, நான் இவ்வளவு நல்லாவா எழுதியிருக்கேன்?"

நடிக்கிறானோ என்று அவள் அவன் முகத்தைத் தேடினாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே நம்பிவிட்டான். கெண்டை மீன் வாடை, மெழுகு வாடை, அண்ணனுடைய ஈர மூச்சு எல்லாம் ஒன்றாக ஏறிவர, வால்பர்காவுக்கு அந்தக் கறுப்புக் கட்டைகளின் மேலேயே வாந்தி எடுத்துவிடலாம்போல் இருந்தது. பென்வெனுட்டி திருடன், அவனுக்காவது திருடியது தெரியும்.

கோமகன் அங்கேயே முடிவைச் சொன்னார். வேலை கயெட்டானுக்கு. ஞாயிறுதோறும் ஒரு புதுக் கன்செர்ட்டோ வேண்டும், இதேபோல, மேலே எதையும் பூசாமல். அண்ணனும் தங்கையும் ஈஸ்டர் முடிந்ததும் புறப்படலாம்.

வால்பர்கா எழுந்து முழங்கால் மடித்து வணங்கினாள். மரியாதையாக, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"பிரபு, என் அண்ணன் எழுதுறதுல யாரும் எதையும் சேக்க வேண்டியதில்ல. அத நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. எழுதினத எழுதினபடி வாசிக்க நான் எதுக்கு? அவரே வாசிப்பார். அவருக்கும் விரல் நல்லா ஓடும்."

கோமகனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எழுதியவனே வாசிப்பது இன்னும் மேன்மை என்றார். கயெட்டான் வாயைத் திறந்தான். தங்கை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டன. முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லவேண்டும். சொன்னால் தூணும் இல்லை, வேலையும் இல்லை. கடைசியில் தலையைத் தாழ்த்தி வணங்கினான். எல்லோரும் மீனைப் பார்க்கப் போனார்கள்.

வால்பர்கா சாப்பிட நிற்கவில்லை. தெருவில் பாதி தூரம் போவதற்குள் பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. கயெட்டான் தொப்பிகூட இல்லாமல் வந்தான். மூச்சு வாங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆறு வருடத்தில் ஒரு தரமும் சொல்லாததை, வண்டிகள் போய்க்கொண்டிருக்கும் நடுத்தெருவில் வைத்துச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை, புர்கி. இன்னிக்குத் தூணுன்னாங்க, வாராவாரம் அதே நாலு சுரத்தக் கேட்டுட்டு இருப்பாங்களா? அந்த நடுப் பாகத்துக்கெல்லாம் நான் எங்க போவேன்?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அவன் வியர்வை ஒட்டியிருந்த விரல்களைப் பாவாடையில் துடைத்தாள்.

"வளைவு ஒண்ணு போட்டு, கீழ புள்ளி வெச்சிடு அண்ணா. எல்லாரும் கையை எடுத்துட்டு உனக்காகக் காத்திருப்பாங்க."